பட்டியலை மறைத்த பெட்டி

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. விமான் நகர் அலுவலகத்தின் வாசலில் காவலாளி ஊற்றிய மருந்துத் தண்ணீரில் கையைத் தேய்த்துக்கொண்டே கிருஷ்ணப்ரியா படியேறினாள். முகத்தில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவிழ்க்கவில்லை. தோள்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் திறந்து ஓர் எண்ணைப் பார்த்தாள். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குக் கிளம்பியபோது அதே இடத்தில் நானூறு சொச்சம்தான் இருந்தது. துணிக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

அது 2009, ஆகஸ்ட் மாதம். பன்றிக் காய்ச்சல் புணே நகரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். சினிமா கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. மருந்துக் கடைகளில் முகமூடி தீர்ந்துபோய், ஜனங்கள் கைக்குட்டையையும் துப்பட்டாவையும் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்கள். கராடியில் கிருஷ்ணப்ரியா குடியிருந்த அடுக்ககத்தில் முந்தின நாள் லிப்டுக்குள் ஒரு குழந்தை இருமியது. உள்ளே நின்ற ஐந்து பேரும் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டில் நடந்தார்கள். அவளும் இறங்கினாள். அந்தக் குழந்தையும் தாயும் மட்டும் மேலே போனார்கள்.

அவள் வேலை பார்த்த கம்பெனி 'வாட்டாட்யா' என்றொரு இணையதளத்தை நடத்திவந்தது. மராத்தியில் அதற்கு வழிகாட்டி என்று பொருள். எந்த ஓட்டலில் என்ன கிடைக்கும், எந்தத் தெருவில் வீடு வாடகைக்கு வருகிறது என்று சொல்லும் தளம். காய்ச்சல் பரவியதும் முதலாளி பத்ரிநாத் ஒரு நல்ல காரியம் செய்தார். தினமும் காலை ஏழு மணிக்கு எழுந்து, நகரத்திலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்தகங்களுக்கும் தானே போன் போட்டார். இன்றைக்கு எங்கே தொண்டைச் சளி எடுத்துச் சோதிக்கிறார்கள், எங்கே மாத்திரை தருகிறார்கள், எத்தனை மணி வரை என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதினார். சோதனை செய்யும் இடம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்ததால், அந்தப் பட்டியலைத் தேடி ஊரே தளத்துக்கு ஓடிவந்தது.

ஊர் ஓடிவருவதைப் பார்த்ததும் கிருஷ்ணப்ரியாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோயம்புத்தூரில் பொறியியல் முடித்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தளத்தின் தோற்றமும் அமைப்பும் அவள் பொறுப்பு. வருகிறவர்களின் பெயரையும் ஈமெயிலையும் வாங்கிவைத்தால் நாளைக்கு விளம்பரக்காரர்களிடம் பேசலாம் என்று முதலாளி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டல் பக்கங்களில் கேட்டுப் பார்த்தார்கள், ஒருவரும் கொடுக்கவில்லை. இப்போது இந்தப் பட்டியலின் மேல் ஒரு பெட்டி எழும்பி வந்து கேட்டால்?

பெட்டியை அவளே வடிவமைத்து வெள்ளிக்கிழமை தளத்தில் ஏற்றினாள். வெள்ளை உடுப்பில் சிரிக்கும் நர்ஸ் ஒருத்தியின் படம். கீழே பெயருக்கு ஒரு கட்டம், ஈமெயிலுக்கு ஒரு கட்டம். மூடுவதற்கு வலது மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைச் சாம்பல் நிறத்தில் வைத்தாள். சட்டென்று கண்ணில் பட வேண்டாம் என்றுதான்.

"அரே கிருஷ்ணா, கமால் பண்ணிட்டே, அசத்திட்டே!" என்று பத்ரிநாத் தன் அறையிலிருந்தே குரல் கொடுத்தார். தஞ்சாவூர்க்காரர். தாத்தா காலத்திலேயே புணேவுக்கு வந்துவிட்ட குடும்பம். "மூணு நாள்ல மூவாயிரம் ஈமெயில். இதே ஸ்பீடுல போனா மாசக் கடைசிக்குப் பத்தாயிரம் பக்கா."

அடுத்த மேசையில் இருந்த முகமது ரஃபீக் தலையைத் தூக்கவில்லை. ஆம்பூர்க்காரன். தளத்தில் எது புதிதாக வந்தாலும் அதைச் சோதித்துக் குறை சொல்வதுதான் அவன் வேலை. குறை சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் யாருக்கும் அவனைப் பிடிக்காமல் போயிருந்தது.

"மேடம், ஒரு விஷயம்," என்றான். "நேத்து எரவாடா பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல நம்ம பேஜைத் திறந்து பாத்தேன். அம்பத்திரண்டு செகண்ட். வெள்ளையா நிக்குது. அப்புறம் பெட்டி மட்டும் வருது. லிஸ்ட் வரவே இல்ல."

"இங்க ரெண்டு செகண்ட்ல வருதுங்களே, ரஃபீக்."

"இங்க வரும். இங்க யாருக்கும் காய்ச்சல் இல்லையே."

கிருஷ்ணப்ரியாவுக்குச் சுருக்கென்றது. ரஃபீக் விடவில்லை. அந்தப் பெட்டியை இயக்குகிற நிரல் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, அது வந்து சேரும்வரை நம் பக்கம் காத்துக்கொண்டு நிற்கிறது, நர்ஸ் படம் ஒன்றே முழுப் பட்டியலைவிட நூறு மடங்கு கனம் என்று விளக்கினான். "அங்கல்லாம் சின்ன மானிட்டர் மேடம். பெட்டி அதுக்குள்ள அடங்கல. மூடற குறி திரைக்கு வெளியில போயிடுது. எப்படி மூடுவாங்க?"

"கூட்டம் ஜாஸ்தி, அதனால ஸ்லோவா இருக்கும். அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க," என்றாள்.

"காய்ச்சல் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா?"

"ரஃபீக், நீ எப்பப் பாரு அபசகுனமாவே பேசாதே!" பத்ரிநாத் அறைக்குள்ளிருந்து சத்தம் போட்டார். "ஃப்ரீயா லிஸ்ட் தரோம். பதிலுக்கு ஒரு ஈமெயில் கேட்டா என்ன குடிமுழுகிப் போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். ரஃபீக் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரம் முழுவதும் எண் ஏறியது. நகரத்தில் சாவின் எண்ணிக்கையும் ஏறியது. காலைச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அதைப் போட்டார்கள். கிருஷ்ணப்ரியா தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பாள், பிறகு அலுவலகம் வந்து தன் எண்ணைப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றாக ஏறுவது அவளுக்கு ஒருநாள் என்னவோ போலிருந்தது. அந்த நினைப்பை அப்படியே ஒதுக்கினாள்.

இன்னோர் எண்ணும் திரையில் இருந்தது. பக்கத்தைத் தேடி வந்த பத்துப் பேரில் ஆறு பேர் எதையும் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்று அது சொன்னது. வேலையற்று இணையத்தில் மேய்கிறவர்கள், வருவார்கள் போவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊரே முகத்தைக் கட்டிக்கொண்டு அலைகிற நாளில் யார் வேலையற்று ஆஸ்பத்திரிப் பட்டியலைத் தேடுவார்கள் என்ற கேள்வி அவளுக்கு எழவில்லை. எழவிடவில்லை என்பதுதான் சரி.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. கூட்டம் கூட வேண்டாம் என்று அரசாங்கம் கெஞ்சியும் மேளச் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சதுர்த்தி கழிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, பத்ரிநாத் அவளைக் கூப்பிட்டார்.

"ஒன்பதாயிரம் தாண்டியாச்சு. சத்து மாத்திரை கம்பெனி ஒண்ணு ரெடியா நிக்குது. நம்ம லிஸ்ட்ல இருக்கறவாளுக்கு அவாளோட லெட்டர் ஒண்ணு அனுப்பணும். அதுக்கு முன்னால பொய் அட்ரஸ் எல்லாம் களைஞ்சுடு."

சேர்ந்த முகவரிகளை அவள் அதுவரை எண்ணிக்கையாக மட்டுமே பார்த்திருந்தாள். அன்றுதான் முதல்முறையாக ஒவ்வொன்றாகப் படித்தாள்.

முதல் ஐம்பது ஒழுங்காக இருந்தன. பிறகு ஒன்று: 'ப்ளீஸ்ஓப்பன்@ப்ளீஸ்.காம்'. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அழித்தாள். 'நோஈமெயில்@நோ.காம்'. அழித்தாள். அடுத்து இந்தியில் 'ஜல்திகோலோ' என்று ஒன்று. சீக்கிரம் திற என்று அர்த்தம். அவள் கை மெதுவானது. மராத்தியில் 'ஆயீஆஜாரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பெயர் கேட்ட கட்டத்தில் ஒருவர் 'என் மகனுக்கு நாலு வயது' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தார். ஈமெயில் கட்டத்தில் வெறும் 'அ@அ.அ'. அதே ஆள் அதையே ஏழு தடவை அனுப்பியிருந்தார்.

பெட்டி மூடவில்லை. எதையாவது அடித்தால் வழிவிடும் என்று நம்பி, கையில் வந்ததை அடித்திருக்கிறார்கள். அடித்தபிறகும் 'நன்றி, விரைவில் உங்களைத் தொடர்பு கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டுப் பக்கம் மறுபடி முதலிலிருந்து திறந்திருக்கிறது. ஒருமுறை கொடுத்தவரை மறுமுறை கேட்காதிருக்கும் ஏற்பாடு அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் வேலை செய்யவில்லை. வெள்ளைத் திரை, காத்திருப்பு, மறுபடி பெட்டி, அதே நர்ஸ், அதே சிரிப்பு.

கிருஷ்ணப்ரியா பட்டியலைக் கீழே இழுத்தாள். இன்னும் இருந்தன. பக்கம் பக்கமாக இருந்தன.

ஓரிடத்தில் நின்றாள். பெயர்க் கட்டத்தில் 'சுப்பையா வைஃப் ஃபீவர்' என்று இருந்தது. ஈமெயில் கட்டத்தில் பத்து இலக்க போன் எண்ணை அடித்து, அதன் பின்னால் '@போன்.காம்' என்று சேர்த்திருந்தார். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து ஐம்பத்திரண்டிலிருந்து பதினொன்று பத்தொன்பது வரை. பதினோரு தடவை.

ரஃபீக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து கடைசிவரை படித்தான். நான் அப்போதே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

"கூப்பிட்டுப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

அவள் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தபிறகு ஓர் ஆண் குரல், "ஹாங், போலோ," என்றது. பின்னால் லேத் மிஷின் ஓடும் சத்தம்.

"சுப்பையாங்களா? நான் வாட்டாட்யாவுல இருந்து பேசறேனுங்க. இணையதளம். ஆஸ்பத்திரி லிஸ்ட் போடறமே..."

மிஷின் சத்தம் மெல்ல விலகியது. அவர் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"தமிழா நீங்க?" என்றார். பிறகு, "இப்பதான் கூப்பிடுதியளா?" என்றார்.

"என்னங்க?" என்றாள்.

"விரைவில் தொடர்பு கொள்ளுதோம்னு இங்கிலீஷ்ல போட்டுச்சுல்லா? எனக்கு ஈமெயில்லாம் கிடையாது. அதான் போன் நம்பரைப் போட்டேன். நம்பரைப் பாத்துட்டு யாராச்சும் கூப்பிட்டு இன்ன இடத்துக்குப் போன்னு சொல்லுவாவன்னு நெனச்சேன். அன்னைக்குப் பூரா போனைக் கையிலயே வச்சிருந்தேன்."

"உங்க சம்சாரம்..."

"சாவித்ரி. பத்தொன்பதாந்தேதி போயிட்டா."

கிருஷ்ணப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் குரலில் கோபம் இல்லை. கேட்காமலேயே அவர் சொல்லிக்கொண்டு போனார். திருநெல்வேலிப் பக்கம் வள்ளியூர்க்காரர். புணேவை ஒட்டிய போசரியில் ஒரு பட்டறையில் பதினான்கு வருட வேலை. மனைவிக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். மூச்சு இளைத்தது. தெருமுனை டாக்டர் உடனே சோதனைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, தினம் ஓர் இடமாக மாறுகிறது, இணையத்தில் வாட்டாட்யாவில் பாருங்கள் என்றார். அவர் பிரவுசிங் சென்டருக்கு ஓடினார். அரை மணி நேரம் பெட்டியோடு மல்லுக்கட்டினார். அதற்குமேல் பொறுக்க முடியாமல், முந்தின வாரம் யாரோ சொல்லக் கேட்டிருந்த, ஊருக்கு அந்தக் கோடியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மனைவியை ஆட்டோவில் ஏற்றினார். அங்கே வெயிலில் நாலு மணி நேரம் வரிசை. ஜன்னலை எட்டியபோது, உங்கள் பகுதிக்கு இங்கே இல்லை, அங்கேயே போங்கள் என்றார்கள். திரும்பி வருவதற்குள் எல்லா இடமும் மூடிவிட்டது. மறுநாள்தான் மாத்திரை கிடைத்தது. அதற்கு மறுநாள் செயற்கை மூச்சு வைத்தார்கள்.

"ஒங்க மேல பழி போடணும்னு சொல்லல தாயி," என்றார். "ஒருநாள் முந்தி மாத்திரை குடுத்திருந்தா பொழச்சிருப்பாளான்னு பெரிய டாக்டர்ட்டயே கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டார். ஆனா அந்த ஒருநாள் எனக்குத் தொண்டையிலயே நிக்கு. எறங்க மாட்டேங்குது."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர், "சரி, வேலை கெடக்கு," என்று போனை வைத்துவிட்டார்.

கிருஷ்ணப்ரியா எழுந்து, அழிக்கச் சொன்ன பொய் முகவரிகளை எல்லாம் அச்செடுத்தாள். ஆயிரத்து நானூறுக்கும் மேல் இருந்தன. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பத்ரிநாத்தின் மேசையில் வைத்தாள்.

"சார், பெட்டியை எடுத்துடறேனுங்க."

"க்யா பாத் கர்த்தீ ஹை, என்ன பேசறே நீ? லெட்டர் நாளைக்குப் போகணும்!" அவர் காகிதத்தைத் தள்ளினார். "இதெல்லாம் எவனோ டைம்பாஸுக்கு அடிச்சிருப்பான். பத்துப் பொய்க்கு நடுவுல அம்பது நெஜம் இருக்கு பார்."

"படிச்சுப் பாருங்க சார். ஒரு பக்கம் மட்டும்."

சலிப்போடு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியைச் சத்தமாக, கேலியாகவே வாசித்தார். இரண்டாவதையும் வாசித்தார். மூன்றாவதில் குரல் இறங்கியது. அப்புறம் வாசிப்பு நின்றுவிட்டது. விரல் மட்டும் காகிதத்தில் கீழே கீழே போயிற்று. கிருஷ்ணப்ரியா சுப்பையாவின் வரியைக் காட்டி, போனில் கேட்டதைச் சொன்னாள்.

"போசரியா?" என்றார் பத்ரிநாத். "பன்னண்டாம் தேதியா? இரு, இரு."

இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு நாளும் காலையில் போனில் கேட்டதைக் கையால் எழுதிவைத்த நோட்டு. பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைப் புரட்டி வாசித்தவர், முகம் வெளுத்து நிமிர்ந்தார்.

"போசரி மருந்தகம்னு எழுதியிருக்கேனே. காலை ஒன்பதிலேர்ந்து நாலு வரைக்கும். மாத்திரையும் உண்டுன்னு கேட்டு எழுதியிருக்கேன். மூணு தடவை போன் பண்ணினப்புறம்தான் அங்க எடுத்தா. விடாம பண்ணினேன், தெரியுமா? யாருக்காவது உதவுமேன்னுதான் பண்ணினேன்..."

தினந்தோறும் ஏழு மணிக்கு எழுந்து அவர் திறந்துவைத்த வாசலின் மேல் அவருடைய ஆட்களே ஒரு படுதாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டத் தூண்டியவரும் அவர்தான்.

"எடுத்துடு," என்றார். "இப்பவே எடு. லெட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அன்றைக்கும் மறுநாளும் கிருஷ்ணப்ரியாவும் ரஃபீக்கும் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டுக் கட்டினார்கள். நர்ஸ் படம் போயிற்று. வெளிநாட்டுக் கம்ப்யூட்டரிடம் காத்துக்கிடக்கும் ஏற்பாடு போயிற்று. திறந்தவுடன் முதலில் பட்டியல், வெறும் எழுத்தாக. பகுதிவாரியாகப் பெயர், நேரம், போன் எண். மலிவான கைபேசியிலும் திறந்தது.

"ஈமெயில் கேக்கறதே தப்புன்னு நெனைக்கிறீங்களா?" என்று அவள் ரஃபீக்கிடம் கேட்டாள்.

"கேக்கறதுல தப்பில்ல மேடம். எந்த இடத்துல நின்னு கேக்கறோம்ங்கறதுதான். அவங்க தேடி வந்தது கையில கெடைச்சப்புறம், ஓரமா நின்னு கேளுங்க. வேணாம்னா விட்டுடணும், திரும்பக் கேக்கக் கூடாது."

அப்படியே செய்தார்கள். பட்டியலை முழுக்கப் பார்த்து முடித்தவருக்கு மட்டும், பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் எழும்பும். உங்கள் பகுதியில் இடம் மாறினால் தெரிவிக்கிறோம், ஈமெயிலோ போன் எண்ணோ விருப்பமிருந்தால் தாருங்கள் என்று ஒரே ஒரு வரி. பட்டியலின் ஓர் எழுத்தைக்கூட அது மறைக்காது. மூடும் குறி கறுப்பாக, பெரிதாக இருந்தது. ஒருதடவை மூடினால் மறுபடி வராது.

வேலை முடிந்ததும் அவள் சுப்பையாவை மறுபடி அழைத்தாள். அவர் அன்று உட்கார்ந்திருந்த அதே கம்ப்யூட்டரில் இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றாள்.

"இப்பப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்றார். பிறகு அவரே, "ஞாயித்துக்கெழம வாங்க. காட்டுதேன்," என்றார்.

போசரியில் ஆலந்தி சாலையோரம், சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்தப் பிரவுசிங் சென்டர். மொத்தமே நாலு கம்ப்யூட்டர்கள். சுப்பையா நாற்பது வயதுக்காரர், கறுத்து மெலிந்த ஆள். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. "மூணாவது," என்று கையை நீட்டினார். கிருஷ்ணப்ரியா அதன் முன்னால் உட்கார்ந்து முகவரியை அடித்தாள். ரஃபீக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பட்டியல் வந்து நின்றது.

சுப்பையா திரையையே பார்த்தார்.

"அன்னைக்குள்ளது இருக்கா?"

அவளுக்குக் காட்டாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் பழைய நாட்களின் பட்டியலுக்குப் போய்ப் பன்னிரண்டாம் தேதியைத் திறந்தாள். அவர் குனிந்து, எண்ணெய்க் கறை படிந்த விரலைத் திரையில் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். போசரி மருந்தகம். ஒன்பது முதல் நாலு வரை.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அந்தா, அந்த மஞ்சக் கட்டிடம்," என்றார். "அஞ்சு நிமிசம் நடக்கணும். அவள நானே தூக்கிட்டுப் போயிருப்பேன்." பிறகு திரும்பி, "இது அன்னைக்கு இதுக்குள்ள இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க."

"எங்க?"

"அந்தப் பெட்டிக்குப் பின்னாலங்க," என்றாள் கிருஷ்ணப்ரியா. "அதை வச்சவ நான்தான். மூடற குறிகூட யார் கண்ணுக்கும் படக் கூடாதுன்னு யோசிச்சு வச்சவ." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சுப்பையா அவளைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை.

அந்த நேரத்தில் படியேறி ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். தோளில் சாய்ந்திருந்த குழந்தையின் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. மூச்சு வாங்க, ஆஸ்பத்திரிப் பட்டியல் பார்க்க வேண்டும் என்று மராத்தியில் கேட்டாள். மேசையிலிருந்த கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். பெயர், விலாசம், அடையாள அட்டை, எல்லாம் எழுதினால்தான் கம்ப்யூட்டர் என்றார். அவள் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் பையைத் துழாவினாள். அட்டை அகப்படவில்லை.

சுப்பையா நாலு எட்டில் அங்கே போய் நோட்டை மூடினார்.

"ஆதி பகூ தே, மக் லிஹி," என்றார் கடைக்காரரிடம். முதலில் பார்க்கட்டும், அப்புறம் எழுதிக்கொள்.

கிருஷ்ணப்ரியா சட்டென்று அந்த ஞாயிற்றுக்கிழமையின் பட்டியலைத் திறந்துவிட்டு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே வாசித்தாள், போசரி மருந்தகம் என்ற பெயரைக் கண்டதும் மஞ்சள் கட்டிடத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டாள், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவள் பெயர் என்னவென்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

அவள் சாலையைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுப்பையா கிருஷ்ணப்ரியாவின் பக்கம் திரும்பினார்.

"படிச்சவிய நீங்க. நான் சொல்லி ஒங்களுக்குத் தெரியணும்னு இல்ல. ஆனாலும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஆபத்துல ஓடி வாரவனுக்கு மொதல்ல வழியச் சொல்லணும். பேரு, ஊரு, ஈமெயிலு எல்லாத்தையும் அவன் பொழச்சு வந்தப்புறம் கேளுங்க. கேக்காமலேகூட அவனே கொண்டாந்து குடுப்பான்."